முதலில் தூக்கம், பிறகு சங்கீதம்

"மாத்திரை போட்டா எனக்கு விசுவாசம் இல்லைன்னு ஆகிருமா, சாப்ளின் அம்மா?"

தென்மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஜெபத்துக்கும் ஆலோசனைக்கும் பொறுப்பாக இருக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பைபோலாருக்கும் மருந்து எழுதி வாங்கியவர்கள்தான் கேட்கிறார்கள். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். சபையார் யாராவது வந்துவிடுவார்களோ என்று கண் வாசல் பக்கம் போகும். ஜிப் வைத்த பைபிள் உறைக்குள் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறு எங்கே வைத்தாலும் மாமியாரோ ஜெபக்குழு அக்காவோ கண்டுபிடித்துவிடுவார்களாம்.

ஆகாது என்றுதான் பதில் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு உரிமையும் உண்டு. எனக்குத் தைராய்டு குறைவும் மனச்சோர்வு நோயும் பல வருஷமாக இருக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ராத்திரி படுக்கப்போகும் முன் ஒன்று. இரண்டையும் விழுங்கிக்கொண்டேதான் இந்த ஊழியத்தைச் செய்கிறேன். நோயுள்ள விசுவாசிக்குப் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று இந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்ன சொல்கிறோம் என்பதற்குக் கொடுக்கும் கவனத்தை எதை முதலில் செய்கிறோம் என்பதற்கும் கொடுக்க வேண்டும். வரிசை தப்பினால் நல்ல வார்த்தையும் காயப்படுத்தும்.

அந்த வரிசையை எனக்குக் கற்றுத் தந்தது எலியாவின் கதை. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நம் பிரசங்கங்களில் மெல்லிய சத்தத்தைச் சொல்வதற்காகவே திறக்கிறோம். நான் அதன் முன்பகுதியில்தான் அதிக நேரம் நிற்கிறேன். கர்மேலில் வெற்றி கண்ட மனிதர் யேசபேலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் ஒரு நாள் பிரயாணம் போகிறார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். உடனே வானத்திலிருந்து உபதேசம் எதுவும் வரவில்லை. அவர் தூங்குகிறார். தூதன் தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டுகிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறை வந்து மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடை. அதற்கும் பிறகுதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா தன் குறையைச் சொல்கிறார். மறுபடியும் கேட்கப்படுகிறது, அதே குறையை அப்படியே மறுபடியும் சொல்கிறார். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. கடைசியில் செய்ய ஒரு வேலையும், கூட நடக்க எலிசா என்ற ஆளும் கிடைக்கிறார்கள்.

தூக்கம், சாப்பாடு, தண்ணீர், மறுபடி தூக்கம், நடை, பேச்சு, வேலை, துணை. ஆண்டவர் தம்முடைய ஊழியக்காரனுக்கு நடத்திய இந்த வரிசையை வார்டில் நானும் பிடித்துக்கொள்கிறேன். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு பேசமாட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக என் கண் இருக்கும்படி உட்காருவேன். நேற்று ராத்திரி தூங்கினீர்களா, எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து பின்பு தூக்கம் வராமல் கிடப்பதும், சோறு மண்ணாக இருப்பதும், குளிக்கப் போகவே மலைப்பாக இருப்பதும் மனச்சோர்வு நோயின் உடல் அடையாளங்கள். இவை ஜெப வாழ்க்கையில் குளிர்ந்துபோனதற்கான அடையாளங்கள் அல்ல. இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேட்பேன். தைராய்டு குறைந்தாலோ, பி12 வைட்டமின் குறைந்தாலோ, இரத்தசோகை இருந்தாலோ ஆள் சோர்ந்து, எதிலும் பற்றில்லாமல் ஆகிவிடலாம். அப்படிப்பட்டவரிடம் போய் முதல் அன்பை விட்டுவிட்டாய் என்று பிரசங்கித்தால் அது கொடுமை.

வேதத்தில் மருந்துக்கு இடம் இருக்கிறது. எசேக்கியா அரசனின் பிளவையின்மேல் ஏசாயா அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். அடிபட்டவன் காயத்தில் சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கைவைத்தியம் சொன்னார். அவருடன் பிரயாணம் செய்த லூக்கா வைத்தியர். இதையெல்லாம் சொல்லிவிட்டு, நோயாளியிடம் மாத்திரையைக் கையில் எடுக்கச் சொல்வேன். சாப்பாட்டுக்கு முன் ஸ்தோத்திரம் சொல்கிற மாதிரி மாத்திரைக்கும் சொல்வோம்: ஆண்டவரே, இதைக் கண்டுபிடித்தவர்களுக்காக, எழுதிக் கொடுத்த டாக்டருக்காக, வாங்கக் காசு தந்ததற்காக ஸ்தோத்திரம், இது என் உடம்பில் நன்மையாக வேலை செய்யட்டும். சின்ன ஜெபம்தான். ஒவ்வொரு ராத்திரியும் நானும் அப்படித்தான் போடுகிறேன். பைபிள் உறைக்குள் ஒளிந்திருந்த அட்டை அதன்பின் மேஜைமேல் வந்து உட்காரும்.

மருந்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரை முதல் வாரத்தில் வாய் வறட்சியையும் குமட்டலையும் மட்டும் காட்டலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். இது தெரியாதவர்கள் பத்தாம் நாளே நிறுத்திவிட்டு, ஆண்டவருக்குச் சித்தமில்லை என்கிறார்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழக்கம். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ தலையில் கைவைத்து ஜெபித்தார்கள் என்று அன்றைக்கே மருந்தைக் குப்பையில் போட்டவர்களை மறு மாதம் வார்டில் சந்திக்கிறேன்.

நம் சபை வழக்கங்களிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை உண்டு. இன்சுலின் போடுகிறவர் உபவாசம் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம். லித்தியம் எடுக்கிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசித்தால், உடம்பில் நீர் குறைந்து மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். பைபோலார் உள்ளவருக்கு முழு இரவு ஜெபம் ஆகாது. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே மனம் மேலே மேலே ஏறிப்போக அது வழி திறக்கலாம். அதன்பின் வரும் அளவுகடந்த உற்சாகம், ஓயாத பேச்சு, தனக்கு விசேஷ வெளிப்பாடு வந்தது என்ற உறுதி ஆகியவற்றைச் சபை ஆவியின் எழுப்புதல் என்று மெச்சிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் அவர் மனைவி நடப்பது புரியாமல் அழுதுகொண்டிருப்பார். இவர்களுக்கு நான் வேறு உபவாசம் சொல்லுவேன். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் போனை ஒதுக்கிவை. பத்து மணிக்குப் படு. அதுவே உன் காணிக்கை.

உடம்புக்கு இதெல்லாம் செய்த பிறகு சங்கீதத்தைத் திறக்கிறேன். எந்தச் சங்கீதம் என்பதிலும் கவனம் வேண்டும். 23-ஐயும் 91-ஐயும் நோயாளி மனப்பாடமாகச் சொல்லுவார். வாய் சொல்லும், மனம் ஒட்டாது. ஒட்டாததே அவருக்கு இன்னொரு குற்ற உணர்வாகிவிடும். அதனால் புலம்பலின் சங்கீதங்களுக்குப் போகிறேன். தூக்கம் வராமல் பேசவும் முடியாமல் தவிக்கிறவரின் 77, தன் ஆத்துமாவோடு தானே பேசிக்கொள்ளும் 42, எவ்வளவு காலம் என்று திரும்பத் திரும்பக் கேட்கும் 13. எல்லாவற்றுக்கும் மேலாக 88.

ஒரு சபையில் பாடகர் குழுவில் பல வருஷம் பாடிய அம்மா ஒருவர். ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பாட்டு நின்றுபோய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதும் நின்றுபோய் எங்களிடம் வந்திருந்தார். மூன்றாம் நாள் அவருக்கு 88-ஆம் சங்கீதத்தை மெதுவாக, ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே மூச்சுவிட இடம் கொடுத்து வாசித்தேன். கடைசி வசனத்தில் நிறுத்தினேன். அவர் காத்திருந்தார்.

"மிச்சத்த வாசிங்கம்மா."

"அவ்வளவுதாம்மா. முடிஞ்சிருச்சு."

நம்பாமல் பைபிளை வாங்கினார். கடைசி வசனத்தின்மேல் விரலை வைத்து, அப்படியே கீழே நகர்த்தி, 89 என்ற எண்ணில் போய் முட்டி நின்றார். மறுபடி மேலே வந்து அந்த வசனத்தைத் தானே ஒருமுறை வாசித்தார். இருளோடேயே முடிகிற சங்கீதம் அது. துதிக்குத் திரும்பாமல் நிற்கிறது.

"இதையுமா வேதத்துல வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறார்கள். கோராகின் புத்திரரின் பாட்டுகளில் ஒன்றாக, தேவாலயத்தில் பாடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். பதிலே வராத ஜெபத்தையும் ஜெபம் என்று ஏற்றுக்கொண்ட சமூகம்தான் நமக்கு வேதத்தைக் கொடுத்தது. அதை அவரிடம் சொல்லிவிட்டு, இப்போது நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள், நல்ல வாக்கியமாக இருக்க வேண்டாம், உண்மையானதாக இருந்தால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கேன், ஆண்டவரே, ஒருத்தரும் இல்ல" என்றார். நான் ஆமென் சொன்னேன். அன்றைய ஜெபம் அவ்வளவுதான். அதற்குமேல் என் வார்த்தை எதையும் சேர்க்கவில்லை. மறுநாளும் அவர் ஒரு வாக்கியம் சொன்னார்.

ஆண்டவரிடம் முறையிடுகிறவன் ஆண்டவரை விட்டுப் போய்விடவில்லை. யாரிடம் முறையிடுகிறோம் என்பதிலேயே விசுவாசம் இருக்கிறது. சிலுவையில் இயேசு எடுத்துக்கொண்ட ஜெபமும் புலம்பலின் சங்கீதம்தான், 22-ஆவது. கெத்செமனேயில் அவர் தம் துக்கத்தைச் சீஷர்களிடம் மறைக்கவில்லை. கூட விழித்திருக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். பெலவீனத்தை வெளியே சொல்லி ஆள் துணை கேட்பது ஆண்டவரே நடந்த வழி.

இன்னொரு வகை வேதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சபைகளில் தெரிந்துகொள்ளாமல் வளர்த்துவிடுகிறோம். வாலிபர் ஒருவர் வருவார், பெரும்பாலும் பக்தியுள்ள பிள்ளை. ஜெபிக்கும்போது ஆண்டவரைத் தூஷிக்கும் எண்ணம் தானாகவே மனதில் வருகிறது, பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பேசிவிட்டேன், எனக்கு மன்னிப்பே கிடையாது என்பார். ஆயரிடம் அறிக்கை செய்வார், ஆயர் தேற்றுவார். வீட்டுக்குப் போவதற்குள் சந்தேகம் திரும்பிவிடும். மறுபடி போன். ஒரே நாளில் பலமுறை. இது ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோயின் மத வடிவம். இங்கே ஒவ்வொரு முறையும் மன்னிப்பு உண்டு என்று உறுதி கொடுப்பதே நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. எண்ணம் வந்தால் வரட்டும், அதைத் துடைக்க ஜெபமோ அறிக்கையோ செய்யாமல் அந்தப் பதற்றத்தோடேயே கொஞ்ச நேரம் இரு என்று பயிற்சி கொடுப்பதுதான் இதன் சிகிச்சை. மருந்தும் உதவும். மனநல மருத்துவரும் ஆயரும் ஒரே பேச்சாக நிற்பது இதில் மிக அவசியம். இந்தப் பிள்ளைகளிடம் நான் ஜான் பனியனைப் பற்றிச் சொல்லுவேன். மோட்சப் பிரயாணம் எழுதியவர், கிறிஸ்துவை விற்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் நெடுங்காலம் தவித்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1666-ல் வெளிவந்தது. மோட்சப் பிரயாணத்தில் வரும் சந்தேகக் கோட்டையை நாம் எல்லாரும் சிறுவயதில் வாசித்திருக்கிறோம். வாக்குத்தத்தம் என்ற திறவுகோல் நமக்கு நினைவிருக்கும். அந்தத் திறவுகோல் ஞாபகத்துக்கு வரும்வரை, உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தவனோடு அதே இருட்டறையில் இருந்து பேசிப்பேசித் தடுத்த துணைவனை மறந்துவிடுகிறோம். என் வேலை அந்தத் துணைவனின் வேலை.

பேய், பிசாசு என்று அழைத்துவரப்படுகிறவர்களும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். ஜெபிக்கமாட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். ஜெபிப்பேன், அமைதியான குரலில், அதட்டாமல், ஆளைப் பிடித்து அழுத்தாமல். அதே நாளில் மருத்துவரிடம் அனுப்புவேன். மத்தேயு 4:24-ல் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் சுவிசேஷகர் தனித்தனியாகவே எண்ணுகிறார். நோயை நோயென்று சொல்வதால் வேதத்துக்கு விரோதம் ஒன்றும் வந்துவிடாது. ஜெப வீடு என்ற பெயரில் ஆளைச் சங்கிலியால் கட்டிப்போடுவது எந்த நிலையிலும் குற்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது.

இந்த நாட்டில் சபையும் மனநல மருத்துவமும் எதிரெதிராக வளரவில்லை. இந்தியாவில் ஊழியத்தின் ஆரம்ப வருஷங்களிலேயே மனம் நொறுங்கிச் செயலிழந்துபோன மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ், தனக்கு லக்னோவில் ஜெபத்தில் பெலன் கிடைத்ததைச் சாட்சியாகச் சொன்னவர். அதே மனிதர்தான் 1950-ல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மையத்தைத் தொடங்கினார். ஜெபத்தில் பெலன் பெற்றவர் மற்றவர்களுக்கு ஜெபம் மட்டும் போதும் என்று சொல்லிவிடவில்லை. வேலூர் சி.எம்.சி. 1950-களில் பாகாயத்தில் மனநலப் பணியை ஆரம்பித்தபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. நோய் என்ன, மருந்து என்ன, மறுபடி வந்தால் எப்படித் தெரியும் என்பதைக் குடும்பமும் கூடவே கற்றுக்கொள்கிறது.

குடும்பத்தாரைப் பற்றி இன்னும் ஒன்று. வில்லியம் கேரியின் பெயர் வராத மிஷனரி ஞாயிறு நம்மிடம் இல்லை. அவர் மனைவி டாரத்தி, 1794-ல் வங்காளத்தில் சின்ன மகன் பீட்டரைப் பறிகொடுத்த பிறகு மனநோயில் விழுந்து, 1807-ல் இறக்கும்வரை மீளவில்லை. இன்றுள்ள மருந்துகள் எதுவும் அன்று இல்லை. கேரி மொழிபெயர்த்த பாஷைகளை எண்ணிச் சொல்லும் நாம், அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்ல வேண்டும். அவரைப்போலத் துக்கத்தில் மனம் உடைந்தவர்களும், கேரியைப்போல அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களும் நம் பெஞ்சுகளில் இருக்கிறார்கள். சந்திக்கப் போகிறவர்கள் நோயாளியிடம் பேசிவிட்டு வந்துவிடாமல், பார்த்துக்கொள்கிறவரிடம் "நீங்க தூங்குனீங்களா?" என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் அவரை அனுப்பிவிட்டு நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கவும் பழக வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. கேட்பது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஆம் என்றால், அது பாவம் என்று ஆரம்பிக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் இருங்கள், ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், மாத்திரைகளை வேறொருவர் கையில் கொடுங்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழிலும் பேசலாம். சபையின் வாரத் தாளில் ஜெபக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை அச்சிடுங்கள்.

தீராத நோய்களும் உண்டு. நானும் அதை அறிந்தவள். பவுலின் கைக்குட்டைகளைக் கொண்டுபோனதால்கூட எபேசுவில் நோயாளிகள் சுகமானார்கள். அதே பவுல் துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். தன் சரீரத்து முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் எடுபடவில்லை, கிருபை கிடைத்தது. வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-ல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அதன்பின் எழுந்து நடக்கவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். முடங்கியவர்களின் மறுவாழ்வுக்கான துறையை அங்கே கட்டி எழுப்பினார். அவர் கால்கள் கடைசிவரை சுகமாகவில்லை. அவர் வாழ்க்கையைச் சாட்சி இல்லை என்று யார் சொல்லுவார்கள்?

நம் சாட்சி வேளைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. வியாதியாய் இருந்தேன், ஜெபித்தேன், சுகமானேன், ஸ்தோத்திரம். அது உண்மையானவர்களுக்கு நல்ல சாட்சி. ஆனால் அந்த வடிவத்துக்குள் வராதவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், பிறகு வருவதையே நிறுத்திக்கொள்கிறார்கள். சுகமாகிவிட்டேன் என்று பொய் சொல்லியாவது எழுந்து நிற்க வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு வருகிறது. சங்கீதப் புத்தகத்தில் 88-க்கு இடம் கொடுத்த ஆண்டவரின் சபையில் இவர்களுக்கும் இடம் வேண்டும். "போன மாசத்தைவிட இந்த மாசம் நாலு ராத்திரி கூடத் தூங்கினேன். இன்னும் மாத்திரை போடுறேன். இன்னும் ஜெபிக்கிறேன். எனக்காக நீங்களும் ஜெபிங்க" என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதுவும் முழுச் சாட்சிதான். ஆயர்களே, மூப்பர்களே, அதைச் சொல்ல அழையுங்கள். சொல்லி முடித்ததும் சபை சேர்ந்து ஆமென் சொல்லட்டும். ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்கட்டும்.